குசினியைப் பின்னுக்கு இழுக்கும் முன்: இங்கிலாந்தில் கவுன்சில் அனுமதியும் வரைபடங்களும்

ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ பழைய வரிசை வீடொன்றை வாங்கிய குடும்பத்தில், இரண்டொரு ஆண்டுக்குள் குசினியைப் பின்வளவுப் பக்கம் இழுப்பது பற்றிய பேச்சு எழுந்துவிடும். நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய அந்தச் சமையலறைகளில் ஒருவர் அடுப்படியில் நின்றால் இன்னொருவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க முடியாது. “கவுன்சில் பெர்மிஷன் வேணுமோ?” என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. ஏனெனில் கவுன்சில் அனுமதி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது, இரண்டு வெவ்வேறு சட்டங்களின் கீழ் இரண்டு வெவ்வேறு பிரிவுகள் பார்க்கும் காரியம். கட்டடம் எவ்வளவு பெரிது, எங்கே நிற்கிறது, அயலவரின் வெளிச்சத்தை மறைக்கிறதா என்பவற்றைத் திட்டமிடல் பிரிவு பார்க்கிறது. அது உறுதியாக நிற்குமா, தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியேற முடியுமா, குளிரைத் தாங்குமா என்பவற்றைக் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவு பார்க்கிறது. முன்னதன் அனுமதி பல வீடுகளுக்குத் தேவைப்படாமல் போகலாம். பின்னதன் ஒப்புதல் சமையலறை நீட்டிப்பு எதற்கும் தேவை. ஆகவே “பெர்மிஷன் தேவையில்லை” என்று பில்டர் சொன்னால், அவர் எந்த அனுமதியைச் சொல்கிறார் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்தின் விதிகள். ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் தனி விதிகள் உண்டு.

திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பிக்காமலே எவ்வளவு கட்டலாம் என்பதை 2015ஆம் ஆண்டின் கட்டளை ஒன்று வரையறுத்துள்ளது. ‘பெர்மிட்டட் டெவலப்மென்ட்’ என்று சொல்லப்படுவது இதுதான். மேல்மாடி இல்லாத பின்பக்க நீட்டிப்பு, மூல வீட்டின் பின்சுவரிலிருந்து 3 மீட்டர் வரை போகலாம். தனி வீடாக இருந்தால் 4 மீட்டர். உயரம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது; எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் கட்டும்போது கூரையின் தாழ்வாரம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. மூல வீட்டைச் சுற்றியுள்ள வளவில் பாதிக்கு மேல் கட்டடங்களால் நிரம்பக் கூடாது. ஏற்கெனவே நிற்கும் தோட்டக் கொட்டகையும் இந்தக் கணக்கில் சேரும். வெளிச்சுவரின் பொருள் பழைய வீட்டின் தோற்றத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

‘மூல வீடு’ என்ற இடத்தில்தான் கணக்குப் பிழைக்கிறது. 1948 ஜூலை 1ஆம் திகதி வீடு எப்படி இருந்ததோ அதுவே மூல வீடு; அதற்குப் பின் கட்டப்பட்டதாயின், முதன்முதலில் கட்டி முடித்தபோது இருந்த நிலை. முந்திய உரிமையாளர் 1980களில் ஒன்றரை மீட்டர் இழுத்திருந்தால், வரிசை வீட்டில் உங்களுக்கு மிஞ்சுவது இன்னும் ஒன்றரை மீட்டர் மட்டுமே. இன்று நிற்கும் பின்கதவிலிருந்து அளந்து மூன்று மீட்டர் என்று எண்ணிக் கட்டியவர்கள் பின்னர் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள்.

விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் இன்னொரு நெளிவும் உண்டு. அவற்றின் பின்பக்கம் நேர்கோடாக இருப்பதில்லை. பிரதான சுவரிலிருந்து ஒரு வால் போல ஒடுங்கிய பகுதி பின்னால் நீண்டு, அதன் பக்கத்தில் சந்து போன்ற வெற்றிடம் விடப்பட்டிருக்கும். ஒரு வீட்டின் அகலம் 4.8 மீட்டர், வால் பகுதியின் நீளம் 4 மீட்டர், சந்தின் அகலம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சந்தை மூடிக் கட்டுவது வாலின் பக்கச் சுவரைத் தாண்டுவதால், அது பக்க நீட்டிப்பாகவும் கணக்கிடப்படும். பக்க நீட்டிப்பின் அகலம் மூல வீட்டு அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 4.8இல் பாதி 2.4 என்பதால் 2 மீட்டர் சந்து தப்பிவிடும். ஆனால் சந்தை முழு நீளத்துக்கும் மூடினால் அது பிரதான பின்சுவரிலிருந்து 4 மீட்டர் போய்விடுகிறது. 3 மீட்டர் வரம்புக்குள் அடங்காது. சந்தையும் மூடி, வாலுக்குப் பின்னாலும் சுற்றி வளைத்து ஒரே கட்டடமாக இழுத்தால், அகலம் முழு 4.8 மீட்டராகிவிடும். அதற்கு முழுமையான திட்டமிடல் விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும்.

3 மீட்டருக்கு மேல் 6 மீட்டர் வரை, தனி வீட்டுக்கு 8 மீட்டர் வரை போக விரும்புவோருக்கு ‘ப்ரையர் அப்ரூவல்’ என்ற முன்னொப்புதல் வழி உண்டு. 2013இல் தற்காலிகமாக வந்த இவ்வழி 2019 மே மாதத்தில் நிரந்தரமாக்கப்பட்டது. விவரத்தைக் கவுன்சிலுக்கு அனுப்பியதும், அது அடுத்தடுத்த வீட்டாருக்கு எழுதி, குறைந்தது 21 நாள் அவகாசம் கொடுக்கும். எவரும் ஆட்சேபிக்காவிட்டால் ஒப்புதல் தேவையில்லை என்று பதில் வரும். ஒருவர் ஆட்சேபித்தாலும் அந்த நீட்டிப்பு சுற்றியுள்ள வீடுகளின் வசதியை எவ்வளவு பாதிக்கும் என்பதைக் கவுன்சில் எடைபோடும். 42 நாட்களுக்குள் எந்தப் பதிலும் வராவிட்டால், கொடுத்த விவரத்தின்படி கட்டத் தொடங்கலாம். மேலே சொன்ன 4 மீட்டர்ச் சந்துக்கு, மற்ற வரம்புகளுக்குள் அடங்கினால், இவ்வழி பொருந்தும்.

இந்தச் சலுகைகள் எல்லா வீடுகளுக்கும் இல்லை. பிளாட்டுக்கும் மெசனெட்டுக்கும் இவை அறவே கிடையா. பழைமைத் தோற்றத்தைக் காக்கவென்று குறிக்கப்பட்ட கன்சர்வேஷன் ஏரியாவில் பக்க நீட்டிப்பும் முன்னொப்புதல் வழியும் இல்லை. பட்டியலிடப்பட்ட பழைய கட்டடத்துக்குத் தனி ஒப்புதல் வேண்டும். சில தெருக்களுக்குக் கவுன்சிலே ‘ஆர்ட்டிகிள் 4’ ஆணை மூலம் உரிமையை எடுத்திருக்கும். புதிய குடியிருப்புகளில், வீடு கட்ட முதலில் கொடுத்த அனுமதியின் நிபந்தனையாகவே அது பறிக்கப்பட்டிருக்கலாம். இவற்றையெல்லாம் கவுன்சிலின் இணையத்தளத்தில் முகவரியைக் கொடுத்துப் பார்த்துவிடுவது அரை மணி நேர வேலை. அனுமதி தேவையில்லை என்று தெளிந்த பிறகும், சட்டப்படியான கட்டுமானச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றுக்கொள்ளும்படியே நான் சொல்வேன். கட்டாயம் இல்லை, கட்டணம் முழு விண்ணப்பத்தில் பாதி. வீட்டை விற்கும் நாளில் அந்த ஒரு தாள் பல கடிதப் போக்குவரத்தை மிச்சப்படுத்தும்.

முழு விண்ணப்பத்தின் கட்டணம் 2025 ஏப்ரலில் 258 பவுண்டிலிருந்து 528 பவுண்டாக உயர்ந்தது. முன்னொப்புதலுக்கு 240 பவுண்டு ஆனது. இவை இனி ஒவ்வோர் ஏப்ரலிலும் விலைவாசியோடு மாறக் கூடியவை என்பதால், அனுப்பும் நாளில் மீண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வசிக்கும் மாற்றுத்திறனாளி ஒருவரின் வசதிக்காகவோ பாதுகாப்புக்காகவோ செய்யப்படும் நீட்டிப்புக்குத் திட்டமிடல் கட்டணம் விலக்களிக்கப்படுகிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவுக்காகக் குசினியை அகலப்படுத்தும் குடும்பங்கள்கூட இதைக் கேட்காமல் விட்டுவிடுகின்றன.

இனி வரைபடங்கள். விண்ணப்பம் முழுமையாக இருக்கிறது என்று கவுன்சில் ஏற்றுக்கொண்ட பின்னரே முடிவுக்கான 8 வார காலம் ஓடத் தொடங்கும். அந்த ஏற்பு தாமதமாவதற்குக் காரணம் அநேகமாக வரைபடக் குறைதான். முதலில் வேண்டியது, 1:1250 அளவில், ஓர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தை அடிப்படையாகக் கொண்ட, வளவைச் சிவப்புக் கோட்டால் சுற்றிக் காட்டிய இட வரைபடம். இது உரிமத்தோடு விலைக்கு வாங்க வேண்டியது; கூகுள் படத்தை அச்சிட்டு அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். அடுத்து 1:500 அல்லது 1:200 அளவில், எல்லைகளையும் நீட்டிப்பையும் காட்டும் வளவு வரைபடம். பின்னர் 1:100 அல்லது 1:50 அளவில் தளப் படமும் சுவர்த் தோற்றப் படங்களும், இப்போது உள்ளபடி ஒன்றும் கட்டப்போவது ஒன்றுமாகச் சோடியாக வேண்டும். வடக்கைக் காட்டும் அம்புக்குறியும் அளவுக்கோடும் விடுபடக் கூடாது. அயலவரின் பின்பக்கச் ஜன்னல்களையும் படத்தில் காட்டிவிடுவது நல்லது: பல கவுன்சில்கள் அந்த ஜன்னலின் நடுவிலிருந்து 45 பாகையில் கோடு இழுத்து, உங்கள் சுவர் அதை வெட்டுகிறதா என்று பார்க்கின்றன. அத்திவாரமோ தண்ணீர்ப் பீலியோ ஓர் அங்குலம் அயலவரின் நிலத்துக்குள் போவதாகப் படம் காட்டினால், அவருக்கு முறைப்படி அறிவித்து, அதற்குரிய உரிமைச் சான்றைக் கையொப்பமிட வேண்டும். “முழு நிலமும் என்னுடையது” என்ற சான்றைப் போட்டால் விண்ணப்பம் செல்லாது போகக்கூடும்.

படம் வரைய ஆர்க்கிடெக்ட் கட்டாயம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயர் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்பட்டது. பதிவு பெற்றவரா என்பதை, ஆர்க்கிடெக்டுகளைப் பதிவு செய்யும் ஏஆர்பி சபையின் பதிவேட்டில் எவரும் தேடிப் பார்க்கலாம். யார் வரைந்தாலும், அவர் கேட்கும் தொகை திட்டமிடல் படங்களுக்கு மட்டுமா, கட்டடக் கட்டுப்பாட்டுப் படங்களுக்கும் சேர்த்தா என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். முன்னதில் சுவர் ஒரு கோடு. பின்னதில் அதே சுவர் செங்கல், காப்புப் பலகை, புளொக், பிளாஸ்டர் என்று அடுக்கடுக்காக இருக்கும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், 12 வாரங்களுக்குள் கட்டணமின்றி மேன்முறையீடு செய்யலாம். மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருக்கும். ஒரு மீட்டர் குறைத்தால் தீரும் காரணமாயின், குறைத்து மறுபடி போடுவதே விரைவான வழி.

கட்டடக் கட்டுப்பாட்டுக்கு வருவோம். கவுன்சிலிடமோ பதிவு பெற்ற தனியார் ஒப்புதலாளரிடமோ போகலாம். கவுன்சிலில் இரண்டு வழிகள்: படங்களை முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் பெறும் ‘ஃபுல் பிளான்ஸ்’, அல்லது தொடங்குவதற்கு இரண்டு நாள் முன் அறிவித்துவிட்டு வேலையைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போகும் ‘பில்டிங் நோட்டீஸ்’. இரண்டாவது மலிவாகத் தோன்றும். ஆனால் சமையலறை நீட்டிப்பில் பழைய பின்சுவரை உடைத்து இரும்பு உத்தரம் வைக்கும் வேலை இருப்பதால், பொறியியலாளரின் கணக்கோடு படங்களை முதலிலேயே கொடுத்துவிடும்படி சொல்வேன். மூடிய சுவரை மறுபடி திறக்கும் செலவுக்கு முன்னால் அந்த மலிவு ஒன்றுமில்லை.

வேலை நடக்கும்போது பரிசோதகர் பல கட்டங்களில் வருவார். முதலில் பார்ப்பது வெறுங்குழியைத்தான். லண்டன் களிமண்ணில் அத்திவாரக் குழி பொதுவாக 1 மீட்டருக்குக் குறையாது. அவர் குழிக்குள் குனிந்து, பக்கத்து வளவு மரத்தின் விரல் பருமன் வேர் ஒன்றைக் கண்டால், இன்னும் அரை மீட்டர் தோண்டச் சொல்வார். அன்று மதியத்துக்குச் சொல்லிவைத்த கொங்கிரீட் லொறியைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். எனவே பரிசோதகர் பார்த்துவிட்டுப் போன பிறகே லொறிக்குச் சொல்லுங்கள்.

வெப்பக் காப்புக்கும் எண்கள் உண்டு. கதவு, ஜன்னல், கூரைக் கண்ணாடி எல்லாம் சேர்ந்து நீட்டிப்பின் தரைப் பரப்பில் 25 சதவீதத்தையும் நீட்டிப்பால் மறைந்த பழைய கண்ணாடியின் பரப்பையும் கூட்டிய அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெப்ப இழப்பை வேறிடத்தில் ஈடுசெய்து கணக்குக் காட்ட வேண்டும். அடுப்புக்கு மேலுள்ள புகைக்கூண்டு வெளியே திறந்தால் நொடிக்கு 30 லீட்டர் காற்றை இழுக்க வேண்டும். காற்றை வடிகட்டி உள்ளேயே திருப்பிவிடும் வகையாயின், வேறு விசிறி ஒன்று நொடிக்கு 60 லீட்டரை வெளியேற்ற வேண்டும். தாளிதமும் மீன் பொரியலும் நடக்கும் வீட்டுக்கு இந்த இரண்டாவது வகை வேண்டவே வேண்டாம். சமையலறையையும் மாடிப்படிக் கூடத்தையும் கதவில்லாமல் ஒன்றாக்கினால், மேலே தூங்குபவர்கள் தீயிலிருந்து தப்பும் வழி அடைபடுகிறது என்ற கேள்வி எழும். மச்சில் படுக்கையறை கட்டிய வீடுகளில் இது இன்னும் கடுமையாகப் பார்க்கப்படும்.

கவுன்சிலுக்கு வெளியே இரண்டு வாசல்கள் உள்ளன. ஒன்று அயலவர். 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டத்தின்படி, அவருடைய கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அதன் அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் ஒரு மாதம் முன்பும், பொதுச்சுவரிலேயே உத்தரம் வைப்பதாயின் இரண்டு மாதம் முன்பும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். 14 நாளுக்குள் அவர் பதில் தராவிட்டால் சம்மதம் என்று கொள்ளக் கூடாது. சட்டம் அதைத் தகராறாகவே எடுத்துக்கொண்டு சேர்வேயரிடம் அனுப்பும், செலவு வழக்கமாகக் கட்டுபவருக்கு. கடிதம் தபாலில் போய்ச் சேரும் முன் வரைபடத்தோடு நேரில் போய்க் கதைத்துவிடுங்கள். இன்னொன்று தண்ணீர் நிறுவனம். 2011 அக்டோபர் 1 முதல், வீடுகள் பகிரும் கழிவுக்குழாய்கள் பெரும்பாலும் தண்ணீர் நிறுவனங்களின் பொறுப்பில் வந்துவிட்டன. வரிசை வீடுகளின் பின்வளவில் ஓடுவது பெரும்பாலும் அப்படியான குழாய்தான். அதற்கு 3 மீட்டருக்குள் கட்ட நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். அந்நிலையில் ‘பில்டிங் நோட்டீஸ்’ வழியும் அடைபட்டுவிடும்.

எல்லாம் முடிந்ததும் கட்டடக் கட்டுப்பாட்டின் நிறைவுச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். இறுதிப் பரிசோதனைக்குச் சொல்லாமல் விட்டால் அது தானாக வராது. மின்வேலைக்கும் எரிவாயு வேலைக்கும் உரிய தனிச் சான்றிதழ்களையும் அதோடு சேர்த்து வையுங்கள். விற்கும்போது நிரப்பும் டி.ஏ.6 படிவம் இவற்றைக் கேட்கும். அனுமதியின்றி 2024 ஏப்ரல் 25க்குப் பின் கட்டி முடித்ததன் மீது திட்டமிடல் பிரிவு நடவடிக்கை எடுக்கக்கூடிய காலம் 4 ஆண்டிலிருந்து 10 ஆண்டாகிவிட்டது. முன்னைய உரிமையாளர் ஒப்புதலின்றிக் கட்டிய பகுதியோடு வீட்டை வாங்கியிருந்தால், 1985 நவம்பர் 11க்குப் பிந்திய வேலைக்குக் கவுன்சிலிடம் முறைப்படுத்தல் சான்றிதழ் கேட்கலாம். கவுன்சில் வரியைப் பொறுத்தவரை, நீட்டிப்புக் கட்டியதற்காக உங்கள் வரிப் படிநிலை (பேண்ட்) உடனே உயராது. வீடு விற்கப்பட்ட பின்னரே அது மறுமதிப்புக்கு வரும்.