கூனி உட்கார்ந்தால் தன்னம்பிக்கை இல்லையா?

ஆலோசனைக்கு வரும் அம்மாக்களில் பலர் முதலில் சொல்வது இதைத்தான்: "எப்பவும் கூனிக்கிட்டே இருக்கா மேடம், கான்ஃபிடன்ஸே இல்ல." அதைக் கேட்டு அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் குறுகுவாள்.

உடம்பு மனதைக் காட்டிக்கொடுக்கும், அது உண்மைதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், பாராலிம்பிக் ஜூடோ வீரர்களின் படங்களை ஜெசிகா டிரேசி, டேவிட் மாட்சுமோட்டோ என்ற உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். ஜெயித்தவர்கள் நெஞ்சை விரித்து, தலையைப் பின்னால் சாய்த்து, கையை உயர்த்தினார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களும் அதையேதான் செய்தார்கள், இத்தனைக்கும் அவர்கள் யாரையும் பார்த்துக் கற்றிருக்க வழியே இல்லை. தோற்றால் தோள் தொங்குவதும் அப்படித்தான். (பார்வையுள்ள மேற்கத்திய வீரர்களிடம் மட்டும் இது குறைவாக இருந்தது, அடக்கிக்கொள்ளப் பழகியிருக்கலாம்.)

ஆனால் இதெல்லாம் அந்த நிமிடத்தின் உணர்ச்சி. இதை வைத்து ஒருவரின் குணத்தையே எடைபோடும்போதுதான் சிக்கல் வருகிறது. கை கட்டினால் தற்காப்பு மனநிலை, கண்ணைப் பார்க்காவிட்டால் பயந்தவன் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் ஊரில் பெரியவர் முன்னால் கை கட்டி, பார்வையைத் தாழ்த்தி நிற்பது மரியாதை. வீட்டில் அப்படி வளர்ந்த பையனை கேம்பஸ் இண்டர்வியூவில் அதற்காகவே கழித்துக்கட்டுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

அப்புறம் அந்த 'பவர் போஸ்'. கை காலை விரித்து மிடுக்கான தோரணையில் இரண்டு நிமிடம் இருந்தால் ஹார்மோனே மாறும் என்று 2010-ல் 42 பேரை வைத்து வந்த ஆய்வு உலகம் முழுக்கப் பரவியது. 2015-ல் வேறொரு குழு 200 பேரிடம் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாறவில்லை, கொஞ்சம் தெம்பாக இருப்பதாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டானா கார்னியே 2016-ல், அந்த விளைவு உண்மை என்று தான் நம்பவில்லை என வெளிப்படையாக அறிவித்துவிட்டார். இன்டர்வியூவுக்கு முன் அப்படி நிற்பதில் கெடுதல் இல்லை, நின்றுகொள்ளுங்கள்.

சரி, கூனும் பிள்ளையை என்ன செய்வது? முதலில், சொந்தக்காரர்கள் முன்னால் "நிமிர்ந்து உட்காரு" என்று அதட்டுவதை நிறுத்துங்கள். எப்போதிலிருந்து இப்படி என்று யோசியுங்கள். வகுப்பிலேயே உயரமான பெண், மார்பு வளர்ச்சியைப் பற்றி யாரோ கிண்டல் செய்த பெண், இவர்கள் தோளை உள்ளே இழுப்பது மற்றவர் கண்ணில் படாமல் இருக்கத்தான். கிண்டலை நிறுத்தாமல் தோளை மட்டும் நிமிர்த்த முடியாது. குனிந்து குனிந்து எழுதுகிற பிள்ளைக்குக் கண் பரிசோதனையே போதுமானதாக இருக்கலாம். ஒரு தோள் மற்றதைவிட உயரமாகத் தெரிந்தால் முதுகெலும்பு வளைந்திருக்கிறதா என்று எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று துவண்டு, தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் எல்லாவற்றிலும் ஆர்வம் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டால் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.