ஊருக்கு ஒரு கோடி ரூபாய்: மாதிரி சூரியசக்தி கிராமத்துக்குக் கையெழுத்துப் போடும் முன்

"உங்கள் ஊர் சோலார் கிராமம் ஆகப்போகிறது, ஆதார் நகலும் மின்கட்டண ரசீதும் கொடுங்கள்" என்று யாராவது வீட்டுக்கு வந்தால், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இப்படிக் கொடுத்துவிட்டுக் கடன் தவணையோடு அலைகிறவர்களைப் பார்த்ததால்தான் எழுதுகிறேன்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் சூர்ய கர் என்ற, வீட்டுக் கூரைகளில் சோலார் பேனல் வைக்க மானியம் தரும் திட்டத்தின் ஒரு கிளைதான் இந்த மாதிரி சூரியசக்தி கிராமம். மாவட்டத்துக்கு ஒரு கிராமம். 5,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்கள் போட்டியிடலாம். ஆறு மாதக் கெடுவுக்குள் எந்த ஊரில் அதிகத் திறனுள்ள சூரிய மின் அமைப்புகளும் பிற புதுப்பிக்கத்தக்க மின் அமைப்புகளும் வருகின்றனவோ, அந்த ஊருக்கு ஒரு கோடி ரூபாய் மானியம். இங்கே 5,000 என்பது வருவாய் கிராமத்தின், அதாவது நில ஆவணங்களில் ஒரே கிராமமாகப் பதிவான பகுதியின், கணக்கு. உங்கள் ஊராட்சியின் எல்லையும் வருவாய் கிராமத்தின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. எந்தக் கணக்கில் உங்கள் ஊர் சேர்ந்தது அல்லது விடுபட்டது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் கேளுங்கள்.

அந்த ஒரு கோடி ஊருக்கானது. உங்கள் கூரைக்கு வரும் மானியம் வேறு: 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000. இரண்டையும் குழப்பி, "எல்லாம் இலவசம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். இலவசம் இல்லை. பேனல் பொருத்தி, வாரியத்திடமிருந்து வரும் மின்சாரத்தையும் நீங்கள் அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டரை மின்வாரியம் வைத்து, ஆய்வு முடிந்த பிறகுதான் மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையும் உங்கள் பணம் அல்லது உங்கள் பெயரில் வாங்கிய கடன்.

ஏழைகள் அதிகம் இடறுவது பெயரில்தான். மின் இணைப்பு இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கும், வங்கிக் கணக்கு பேரன் பெயரில் இருக்கும். விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டால் பெயர் மாற்றம் செய்துவரச் சொல்வார்கள். அதற்கு வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், வீட்டு வரி ரசீது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம் ஏற வேண்டும். ஆறு மாதக் கெடுவில் பாதி இதிலேயே போய்விடும். ஆகவே ஊர் போட்டியில் சேரும் பேச்சு எழும்போதே பெயர் மாற்றத்தைத் தொடங்கிவிடுங்கள். பட்டா இல்லாத வீடு, ஓட்டுக்கூரை, குடிசை என்றால், உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

திட்ட இணையதளத்தில் பதிவுபெற்ற நிறுவனத்திடம் மட்டுமே பொருத்துங்கள். பேனல் இந்தியாவில் தயாரித்ததாக இருந்தால்தான் மானியம். விலை மலிவு என்று வேறு பேனலை மாட்டிவிட்டுப் போனால், மானியம் நிற்பது உங்களுக்கு, பொருத்தியவருக்கு அல்ல. கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. உங்கள் வீட்டுப் பயன்பாடு அதை ஒட்டியே இருந்தால், கடன் வாங்கிப் பேனல் வைப்பதில் உங்களுக்கு மிச்சம் அதிகமில்லை. போட்டிக்காக ஊரின் சூரிய மின் திறனைக் கூட்டுவதற்காகக் கூலி வேலை செய்யும் குடும்பத்தைக் கடனில் தள்ளுவதை யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது. பள்ளி, குடிநீர் மோட்டார், ஊராட்சிக் கட்டடம் ஆகியவற்றிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

அதை எங்கே சொல்வது? கிராம சபையில். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூட வேண்டும். 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லை என்பதற்காகக் கிராம சபை இல்லாமல் போகாது. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். எந்தக் கட்டடத்தில் முதலில், எந்த நிறுவனம், பராமரிப்பு யார் பொறுப்பு என்பதையெல்லாம் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வெற்றுத் தாளிலோ வருகைப் பதிவேட்டில் மட்டுமோ கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவராதீர்கள். அதன்மேல் என்ன தீர்மானம் எழுதப்பட்டது என்று பிறகு தேட வேண்டியிருக்கும். தீர்மான நகல் தர மறுத்தால், 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஊராட்சியால் இதெல்லாம் முடியாது என்பவர்களுக்கு மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையைக் காட்டுங்கள். அந்த ஊராட்சி 2006-லேயே கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவி, மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது.

வீடுகளில் பொருத்தப்படும் ஒவ்வோர் அமைப்புக்கும் உள்ளாட்சிக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. உங்கள் ஊரில் எத்தனை வீட்டுக்கு அது வந்தது, எந்தக் கணக்கில் சேர்ந்தது என்பதையும் அதே கிராம சபையில் கேளுங்கள்.