மண்வாசனைக்கு மயங்காதீர்கள்: சேர்வராயன் மலை இயற்கைக் காப்பியைச் சுவைத்து எடைபோடுவது

ஏற்காட்டில் காப்பித்தூள் விற்கும் கடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "மோந்து பாருங்க, மண் வாசனை அடிக்குது. மருந்தடிக்காத காப்பின்னா இப்படித்தான் இருக்கும்." வாங்க வந்தவரும் தலையாட்டிவிட்டு அரைக் கிலோ கட்டச் சொல்கிறார். முதல் மழையில் புழுதி மணப்பது நமக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பிரியத்தை வைத்தே பழுதான சரக்கை நல்ல விலைக்கு விற்றுவிட முடிகிறது.

காப்பியில் மண் வாடை வந்தால் அது பழுது. மழை மண்ணின் வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். ஈரக் கொட்டையை வெறும் தரையில் கொட்டிக் காயவைத்தாலோ, காயாமல் குவித்து வைத்தாலோ, அதுவும் அதன் கூட்டாளிகளும் கொட்டைக்குள் ஏறிவிடும். செடிக்கு ரசாயன உரம் போட்டார்களா, தொழுவுரம் போட்டார்களா என்பதற்கும் இந்த வாடைக்கும் தொடர்பே இல்லை. இயற்கை முறையில் அருமையாக வளர்த்த பழத்தைக் களத்தில் கெடுக்கலாம். மருந்தடித்த தோட்டத்துப் பழத்தைச் சுத்தமாகப் பதப்படுத்தவும் செய்யலாம்.

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இயற்கை முறையில் விளைந்ததா என்பதற்குக் காகிதம்தான் பதில். பூச்சிக்கொல்லியின் எச்சத்தை எந்த நாக்காலும் ருசித்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். பொட்டலத்தில் என்.பி.ஓ.பி. என்ற தேசியத் திட்டத்தின் வழியிலான 'இந்தியா ஆர்கானிக்' முத்திரையோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். இந்தியா முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். காப்பி போன்ற பல்லாண்டுப் பயிருக்கு, ரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு மாறும் காலம் பொதுவாக 3 ஆண்டு. பி.ஜி.எஸ். முறையில் அந்த இடைக்காலத்துச் சரக்குக்கு 'கிரீன்' என்று தனி முத்திரை உண்டு. அது முழு ஆர்கானிக் ஆகாது. இன்னொன்று, இயற்கைத் தோட்டம் என்றால் எதுவுமே தெளிக்காத தோட்டம் என்று பொருள் இல்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை இலைத்துரு நோய்க்குக் கட்டுப்பாட்டுடன் அனுமதிக்கப்படுகிறது. காய் துளைப்பான் என்ற வண்டுக்குப் பொறியும் பவேரியாவும் பயன்படுத்துகிறார்கள். பவேரியா ஒரு பூஞ்சை, அந்த வண்டைக் கொல்வது.

குடிக்க நன்றாக இருக்கிறதா என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் நாக்கும் மூக்கும் வேண்டும்.

முதலில் பச்சைக் கொட்டையைப் பாருங்கள். வறுத்ததை மட்டும் காட்டும் கடையில் பாதி விஷயம் மறைந்துவிடுகிறது. கருக வறுத்துத் தூளாக்கிச் சிக்கரியும் சேர்த்துவிட்டால் முக்கால்வாசி மறைந்துவிடும். வணிகத்தில் 350 கிராம் எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி எண்ணுவார்கள். வீட்டுக்கு 100 கிராம் போதும். தண்ணீரில் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு இங்கே 'பிளான்டேஷன்' என்று பெயர். ஏ, பி, சி, பீபெரி என்பவை அளவையும் உருவத்தையும் வைத்துப் பிரித்த தரங்கள். பிளான்டேஷன் ஏ என்பதைச் 'சுவையில் முதல் தரம்' என்று பலர் நினைக்கிறார்கள். சல்லடையில் தங்கிய பெரிய கொட்டை என்பதைத் தாண்டி அது சுவைக்கு உத்தரவாதம் தராது. பீபெரி என்பது ஒரு பழத்தில் இரண்டுக்குப் பதில் ஒற்றையாக உருண்டு விளைந்த கொட்டை, அவ்வளவே.

நல்ல பிளான்டேஷன் கொட்டை நீலப்பச்சையாக, ஒரே நிறமாக இருக்கும். முழுக்கக் கறுத்தது, பழுப்பேறிப் புளித்தது, பூஞ்சை பூத்தது, ஊசி முனை ஓட்டை மூன்று நான்கு விழுந்தது என்று இவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். இயற்கைத் தோட்டத்துச் சரக்கில் ஓரிரு ஓட்டைக் கொட்டை இருப்பது இயல்பு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கறுப்பும் பூஞ்சையும் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உயர்தரமான 'ஸ்பெஷாலிட்டி' வகைக்கு 350 கிராமில் கறுப்பு, பூஞ்சை போன்ற முதன்மைப் பழுது பூஜ்யம் என்பதே கணக்கு. நிறம் வெளுத்து மஞ்சளித்திருந்தால் போன ஆண்டுச் சரக்கு. கோப்பையில் நனைந்த அட்டைப்பெட்டி போலச் சுவைக்கும். ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் வேண்டும். 12-ஐத் தாண்டினால் மூட்டையிலேயே பூசணம் பிடிக்கும், மிகவும் குறைந்தால் கொட்டை உடைந்து மணமும் போய்விடும்.

வறுப்பு இளவறுப்பாக, பழுப்பு நிறத்தில், எண்ணெய் கசியாமல் இருக்க வேண்டும். 8 முதல் 12 நிமிடத்துக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். கருக்கி வறுத்தால் எல்லாக் காப்பியும் கரிக்கசப்பில் ஒன்றுபோல் ஆகிவிடும். பழுதை மறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. வறுத்து 8 மணி நேரமாவது ஆறவிட்டு, 24 மணி நேரத்துக்குள் சுவையுங்கள். வறுத்த கொட்டைகளுக்கிடையே சில மட்டும் வெளிறி, வேர்க்கடலை நிறத்தில் நிற்கும். அவை பச்சைக்காயாகப் பறிக்கப்பட்டவை. ஆள் பற்றாக்குறையில் கிளையோடு உருவிப் பறித்தார்கள் என்பதை அவை சொல்லிவிடும்.

கோப்பைகளை இப்படி அமையுங்கள். ஒரே அளவு, ஒரே வடிவில் 5 கண்ணாடிக் குவளை. ஒவ்வொன்றுக்கும் 8.25 கிராம் கொட்டை, 150 மில்லி தண்ணீர்; 200 மில்லி குவளை என்றால் 11 கிராம். கொட்டையைத் தனித்தனியாக நிறுத்துத் தனித்தனியாக அரைக்க வேண்டும். மொத்தமாக அரைத்துப் பங்கு போடுவதுதான் வீடுகளில் நடக்கும் முதல் தவறு. 8 கிராமில் சுமார் அறுபது கொட்டை வரும். அதில் ஒன்றே ஒன்று நாறும் கொட்டையாக இருந்தாலும் அந்தக் குவளை மட்டும் கெட்டு உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். கலந்து அரைத்தால் ஐந்திலும் லேசாகப் பரவி, 'ஏதோ சரியில்லை' என்ற குழப்பம்தான் மிஞ்சும். அரைப்பது ரவை அளவுக்கு, டிகாக்‌ஷன் தூளைவிடச் சற்றுப் பருமனாக.

தண்ணீர்ப் பிரச்சினை சேலத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. போர் தண்ணீரின் கடினத்தன்மையோடு வரும் காரத்தன்மை காப்பியின் புளிப்பை அடித்துவிடும், கோப்பை சப்பென்று இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினாலும் கோப்பை வெறுமையாகிவிடும். கரைந்த உப்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருந்தால் நல்லது, ஆர்.ஓ. தண்ணீருடன் வடிகட்டிய குழாய்த் தண்ணீரைக் கலந்து டி.டி.எஸ். மீட்டரில் பார்த்துச் சரிக்கட்டலாம். ஊற்றும்போது வெப்பம் 93 டிகிரி. சேலத்தில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கிறது. கொதித்த பின் சற்றுக் காத்திருக்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், இறக்கிய கையோடு ஊற்றிவிடலாம். மலையில் ருசித்த காப்பி வீட்டுக்கு வந்ததும் 'மாறிப்போனதற்கு' இந்தத் தண்ணீரும் ஒரு காரணம்.

ஊற்றும் முன் உலர்தூளை மோந்து குறித்துக்கொள்ளுங்கள். ஊற்றி 4 நிமிடம் அசைக்காமல் விடுங்கள்; மேலே ஆடைபோல் தூள் கட்டி நிற்கும். கரண்டியின் முதுகால் மூன்று முறை தள்ளி அந்த ஆடையை உடைக்கும்போது மூக்கு குவளைக்கு மேலேயே இருக்க வேண்டும். மண், பூஞ்சை, மக்கிய சாக்கு, மருந்துக்கடை வாடை எதுவானாலும் இந்தச் சில நொடிகளில் வெளிப்படும். அடுத்த குவளைக்குப் போகும் முன் கரண்டியை வெந்நீரில் அலசுங்கள். நுரையை வழித்தெடுத்துவிட்டு, ஊற்றிய எட்டாவது பத்தாவது நிமிடத்தில், சுமார் 70 டிகிரி சூட்டில், கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சுங்கள். ரசம் உறிஞ்சும் சத்தத்துக்கு வெட்கப்படாதவர்கள் இதற்கும் வெட்கப்பட வேண்டாம். திவலையாகத் தெறித்துப் போனால்தான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். பிறகு துப்பிவிடலாம்.

சூட்டில் ஒருமுறை, வெதுவெதுப்பில் ஒருமுறை, முழுக்க ஆறிய பின் ஒருமுறை. மூன்றாவது சுற்றுதான் நீதிபதி. சூடு பல குறைகளை மூடிவிடும். 37 டிகிரிக்குக் கீழே வந்ததும் இனிப்பும் சுத்தமும் உண்மையா என்று தெரியும். பலரும் சூடு ஆறியதும் கொட்டிவிட்டு எழுந்துபோவதால்தான் தவறான தீர்ப்பு வருகிறது.

அறையில் மல்லிகைப்பூ, ஊதுபத்தி, சாம்பிராணி கூடாது. வெற்றிலை, புகையிலை அன்றைக்கு வேண்டாம். எல்லாரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. வீட்டுப் பெரியவர் "அருமை" என்றுவிட்டால் மற்ற நாக்குகள் அடங்கிவிடும்.

எழுதுவதற்குச் 'செர்ரி, கேரமல்' என்று தேட வேண்டியதில்லை, நம் சமையலறையிலேயே எல்லாச் சொல்லும் இருக்கிறது. கமலா ஆரஞ்சு, பழுத்த தக்காளி, எலுமிச்சைத் தோல் போல் துளிரும் புளிப்பு நல்ல புளிப்பு. மலையில் அதிகம் பயிராகும் எஸ்.795 ரகத்தில் அது மென்மையாக, கொஞ்சம் மசாலா மணத்தோடு வரும். இரண்டு நாள் வெளியில் கிடந்த மாவு போலப் புளித்தால் அது பழுது. நாட்டுச்சர்க்கரை, கரும்புச்சாறு போன்ற இனிப்பு பழுத்த பழம் பறித்ததற்கு அடையாளம். கொட்டைப்பாக்கு, வாழைக்காய் போல் நாக்கைச் சுருக்கும் துவர்ப்பு பச்சைக்காயிலிருந்து வருகிறது. சுண்டைக்காய்க் கசப்பு ஓரளவு இருக்கலாம், விழுங்கிய பின்னும் ஒட்டிக்கொண்டு நின்றால் வறுப்பைச் சந்தேகியுங்கள். வாயில் உணரும் கனத்துக்கு மோரா, பாலா என்று கேட்டுக்கொள்ளலாம்.

பழுதின் மூலத்தைத் தேடினால் பெரும்பாலும் நவம்பர், டிசம்பருக்கே போய்ச் சேரும். சேர்வராயனில் பழம் சிவக்கும் நேரமும் வடகிழக்குப் பருவமழை நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காலம் தொட்டே இது தீராத இழுபறிதான். பறித்த பழத்தை அன்றே பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்க வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் குவியலுக்குள் சூடேறிப் புளிக்கத் தொடங்கும். பிறகு வழவழப்பு போகத் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். குளிரைப் பொறுத்து இது 12 மணி நேரத்திலும் முடியும், 36 மணி நேரமும் ஆகும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, கையால் தேய்த்துப் பார்க்க வேண்டும்: கூழாங்கல் போலக் கரகரவென்று ஒலித்தால் கழுவிவிடலாம். அதற்குப் பின்னும் விட்டுவைத்தால் நாறும் கொட்டை உருவாகும். உருவான பின் வறுத்தாலும் அரைத்தாலும் போகாது.

அடுத்தது காயவைத்தல். வலைக்கட்டிலில் 4 சென்டிமீட்டர் அளவுக்கு மெல்லப் பரப்பி, மணிக்கொருமுறை கிளறி, பனி இறங்கும் முன் மூடினால் நல்ல வெயிலில் பத்து நாளுக்குள் காய்ந்துவிடும். மழை மூடிக்கொண்டால் இரண்டு மடங்கு நாள் ஆகும். அப்போது தார்ப்பாய்க்குள் குவித்து மூடுவதும், வெறும் மண்ணில் இழுத்துப் போடுவதும்தான் மண் வாடையும் பூஞ்சையும் ஏறும் வழி. இது ருசியோடு நிற்கும் விஷயமும் இல்லை. மெதுவாகக் காயும் ஈரக் கொட்டையில் சில பூஞ்சைகள் ஆக்ராடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடும். வறுக்கும்போது அது குறையுமே தவிர முழுதாக அழிவதில்லை. மருந்துக்குப் பயந்து இயற்கைக் காப்பி வாங்குகிறவர் பூஞ்சைக்கும் கொஞ்சம் பயப்படுவது நியாயம்தானே.

இனி வீட்டு ஃபில்டருக்கு வருவோம். கறுப்பாகச் சுவைத்து 'சுத்தம்' என்று தேறிய காப்பி பாலில் காணாமல் போகலாம். அது காப்பியின் குற்றம் ஆகாது, வறுப்பை ஒரு படி கூட்டிப் பாருங்கள். சிக்கரி சேர்ப்பது சட்டப்படி குற்றமில்லை. கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். எழுதாமல் விற்கும் தூளை ஒரு டம்ளர் குளிர்ந்த நீரின் மேல் தூவிப் பாருங்கள். காப்பி பெரும்பாலும் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே அடியில் இறங்கும்.

இயற்கைக் காப்பிக்கும் வழக்கமாக வாங்கும் காப்பிக்கும் வித்தியாசம் உண்மையிலேயே உங்களுக்குத் தெரிகிறதா என்றறிய மூன்று குவளைச் சோதனை போதும். இரண்டில் ஒரே காப்பி, ஒன்றில் மற்றது. எது தனி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். இடம் மாற்றி ஆறு முறை செய்யுங்கள். ஐந்து முறை சரியாகச் சொன்னால், அது வெறும் குருட்டாம்போக்கில் நடந்திருக்க நூற்றில் இரண்டுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. இரண்டு முறைதான் சரி என்றால், கூடுதல் விலை முத்திரைக்கு என்று தெரிந்து கொடுங்கள். தோட்டத்து மண்ணுக்காகவும் தொழிலாளிக்காகவும் அப்படிக் கொடுப்பதில் தவறில்லை.

வாங்கும் இடத்தில் மிளகும் ஏலமும் யூகலிப்டஸ் தைலமும் பக்கத்திலேயே திறந்து கிடந்தால் அங்கே தூள் வாங்க வேண்டாம், எல்லா வாடையையும் காப்பி இழுத்துக்கொள்ளும். வறுத்த தேதி இருக்கும் கொட்டையாக வாங்குங்கள். எஸ்டேட்டில் நேராக வாங்குவதானால் "ஆர்கானிக்கா?" என்று கேட்ட கையோடு, "போன டிசம்பர் மழையில எதுல போட்டுக் காயவெச்சீங்க?" என்றும் கேளுங்கள். நன்றாகச் செய்கிறவர் உங்களைக் களத்துக்கே கூட்டிப்போய்க் காட்டுவார்.