மேக்ரோ என்னும் சொல்லும் அதற்குரிய தமிழும்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் சாலையை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில், ஓலையின் அடிப்புறத்தில் அப்பிக் கிடந்த வெள்ளை ஈக்களை, சிறியதைப் பெருக்கிக் காட்டும் மேக்ரோ ஒளிப்படமாக எடுத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துக்காரப் பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, மேக்ரோன்னா பெருசுன்னு எம்பட பேத்தி பன்னெண்டாவது புஸ்தகத்துல படிக்கறாளுங்க. நீங்க கடுகாட்டம் இருக்கற ஈயப் படம் புடிச்சுப்போட்டு அதையும் மேக்ரோங்கறீங்களே?" பேத்தி படிப்பது பொருளியல். நாட்டின் மொத்த வருமானத்தையும் விலைவாசியையும் ஆராயும் துறையை அந்தப் பாடநூல் பேரியல் என்கிறது. தனி நுகர்வோரையும் தனி நிறுவனத்தையும் ஆராய்வது நுண்ணியல். அந்த முறைப்படி பார்த்தால், இரண்டரை மில்லிமீட்டர் ஈயைப் படமெடுப்பது நுண்ணியலாக அல்லவா இருக்க வேண்டும்? பெரியவரின் கேள்வி மிகச் சரியானது. மேக்ரோவுக்குத் தமிழ்ச்சொல் தேடும் எவரும் முதலில் தாண்ட வேண்டிய தடையும் அதுவே.

கிரேக்க மொழியில் 'மாக்ரோஸ்' என்பதற்கு நெடிய என்பதே முதற்பொருள். பெரிய என்பது அதிலிருந்து விரிந்தது. தமிழை ரோமன் எழுத்தில் எழுதுவோர் நெடில் உயிருக்கு மேல் ஒரு சிறு கோடு இடுவார்கள். அந்தக் கோட்டின் பெயர் மேக்ரான். அதுவும் இதே வேரில் பிறந்ததுதான். சிறிய என்று பொருள்படும் 'மிக்ரோஸ்' இதன் எதிர்ச்சொல்.

ஒளிப்படத் துறைக்குள் இச்சொல் வந்த வழியைப் பார்த்தால் குழப்பம் தீர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுண்ணோக்கி வழியே எடுத்த படங்களை 'ஃபோட்டோ-மைக்ரோகிராஃப்' என்று அழைத்தார்கள். 1899இல் டபிள்யூ. எச். வால்ம்ஸ்லி என்பவர், பத்து மடங்குக்கும் குறைவாகப் பெருக்கி எடுக்கும் அண்மைப் படங்கள் உண்மையான நுண்ணோக்கிப் படங்களோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக, அவற்றுக்கு 'ஃபோட்டோ-மேக்ரோகிராஃப்' என்ற பெயரை முன்வைத்தார். ஆகவே இங்கு மேக்ரோ என்பது யானையைப் போலப் பெரியது என்ற பொருளில் வரவில்லை. நுண்ணோக்கி இல்லாமலே கண்ணுக்குப் புலப்படுவது என்ற பொருளில், மைக்ரோவுக்கு மறுபக்கமாக நிற்கிறது. கடுகளவு ஈ வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் அது மேக்ரோவின் பக்கம்.

லென்சின் மீதே இச்சொல் ஏறியது 1950களில். 1955இல் வந்த 'மேக்ரோ-கிலார்' அவ்வகையில் முன்னோடி. அதற்கு அடுத்த ஆண்டே நிக்கான் நிறுவனம் 'மைக்ரோ-நிக்கோர்' என்ற லென்சை வெளியிட்டது. கோடுகள் நெருங்கிய ஜப்பானிய எழுத்துகளை, ஆவணங்களைச் சிறிதாக்கிப் பதியும் மைக்ரோஃபிலிமில் சிதையாமல் பதிவதற்காகப் பிறந்ததால் அதற்கு அந்தப் பெயர். மற்றவர்கள் மேக்ரோ என்று பொறிக்கும் இடத்தில் அந்நிறுவனம் பல பத்தாண்டுகள் மைக்ரோ என்றே பொறித்துவந்தது. கிரேக்கத்தில் எதிரெதிரான இரண்டு சொற்கள் கடை அலமாரியில் ஒரே பொருளைக் குறித்து நிற்கின்றன. லென்சின் மேலுள்ள சொல்லை நம்பி அதன் பொருளைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இதை நான் பணம் கொடுத்தும் கற்றேன். கோவையில் ஒரு கடையில், மேக்ரோ என்று பொறித்த பழைய ஜூம் லென்ஸ் ஒன்றை வாங்கிவந்து, ஒரு குதிக்கும் சிலந்தியின் முன் வைத்தபோது, சிலந்தி படத்தின் நடுவே ஒரு புள்ளியாகத்தான் விழுந்தது. அன்றிரவு ஒரு ஸ்கேலைக் கிடத்தி, லென்ஸ் எவ்வளவு நெருங்குமோ அவ்வளவு நெருங்கிப் படமெடுத்துப் பார்த்தேன். படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் அடங்கியிருந்தது. என் கேமராவில் பிம்பம் விழும் தகடான சென்சார் 36 மில்லிமீட்டர் அகலமுடையது. அதாவது பொருளின் நான்கில் ஒரு பங்கு அளவே சென்சாரில் விழுந்திருக்கிறது. 36 மில்லிமீட்டர் மட்டும் அகலத்தை நிறைத்திருந்தால் பொருளும் அதன் பிம்பமும் ஒரே அளவு. ஒன்றுக்கு ஒன்று என்று ஒளிப்படக்காரர்கள் சொல்லும் அந்த நிலையை மெய்யளவு என்று தமிழில் சொல்லலாம். பழைய லென்ஸ் வாங்கும் எவரும் இந்த ஸ்கேல் சோதனையைக் கடையிலேயே செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனித் தமிழ்ச்சொல். 'அண்மை ஒளிப்படம்' என்பது அழகான சொல். பக்கத்தில் இருப்பவரை விளிப்பதை அண்மைவிளி என்று இலக்கணமும் சொல்கிறது. ஆனால் 60 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் ஏறத்தாழ 20 சென்டிமீட்டரில் எட்டும் மெய்யளவை, 180 மில்லிமீட்டர் லென்ஸ் அரை மீட்டருக்குச் சற்றே குறைந்த தொலைவிலிருந்து எட்டிவிடுகிறது. தட்டான் பறந்துவிடாமல் எடுக்க நினைப்பவர் இரண்டாவதைத்தான் விரும்புவார். எனவே அண்மை என்பது மேக்ரோவுக்கு வேண்டிய இலக்கணம் அன்று. குளோசப் என்பதற்கு அது பொருந்தும், அங்கேயே இருக்கட்டும். 'பேரளவு ஒளிப்படம்' என்றால் சுவரை மறைக்கும் பெரிய படமோ என்று படிப்பவர் நினைப்பார். பேரியல் என்பதை அப்படியே கொண்டுவந்தாலும் பெரியவரின் கேள்விதான் மிஞ்சும்.

எனக்குச் சரியாகப் படுவது 'பருவுருப்படம்'. தமிழில் பருமைக்கு எதிர் நுண்மை. பருவுடல், நுண்ணுடல் என்று சைவ நூல்களின் உரைவழக்கில் பழகிய இணையில், பரு என்பது வெறும் பெரியதைக் குறிப்பதில்லை; புலனுக்குத் தட்டுப்படுவதைக் குறிக்கிறது. 1899இல் பெயரிட்டவர் நினைத்த வேறுபாடும் இதுவே. 'பருப்படம்' என்று சுருக்கினால் முகப்பரு நினைவுக்கு வந்து கெடுக்கிறது. நடுவில் உரு இருப்பது நல்லது. மெய்யளவுக்குக் கீழே இருப்பது அண்மைப்படம், மெய்யளவு தொடங்கிப் பத்து மடங்கு வரை பருவுருப்படம், அதற்கு மேல் நுண்ணோக்கிப்படம் என்று வகுத்துக்கொண்டால் மூன்று சொல்லுக்கும் மூன்று இடம் கிடைக்கிறது.

கருவிகளுக்குத் தமிழில் பெயர் தேடுவது இதைவிட எளிது. லென்சைக் கேமராவிலிருந்து விலக்கி வைக்க வைக்கப் பெருக்கம் கூடும் என்பதே அடிப்படை. நடுவே மாட்டும் கண்ணாடியில்லாத வெற்றுக்குழாயான எக்ஸ்டென்ஷன் டியூபை நீட்டுக்குழல் எனலாம். 50 மில்லிமீட்டர் லென்சுக்குப் பின்னால் 25 மில்லிமீட்டர் குழல் மாட்டினால் அரை மடங்கு, 50 மில்லிமீட்டர் மாட்டினால் மெய்யளவு. குழலுக்குப் பதில் மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்கும் பெல்லோஸுக்குத் துருத்தி என்ற சொல் கொல்லன் பட்டறையிலேயே காத்திருக்கிறது; உருவமும் அதேதான். செலவு குறைந்த வழி, சாதாரண லென்சை ரிவர்ஸ் ரிங் கொண்டு தலைகீழாக மாட்டுவது: 28 மில்லிமீட்டர் லென்சைத் திருப்பினால் மெய்யளவையும் தாண்டும். முன்னால் திருகும் குளோசப் லென்ஸோ ஒரு பூதக்கண்ணாடியே. சிறியதைப் பூதமாகக் காட்டும் கண்ணாடிக்கு நம் மக்கள் வைத்த பெயர் அது. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் பாவும் ஊடையும் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ண, பிக் கிளாஸ் என்ற மடக்குக் கண்ணாடியைத் துணிமேல் வைத்துக் குனிந்து பார்ப்பார்கள். அந்தக் கண்ணாடிக்குள் தெரியும் நெசவைத்தான் பருவுரு என்கிறேன்.

மெய்யளவைத் தாண்டியதும் இரண்டு இடர்கள் கழுத்தைப் பிடிக்கின்றன. ஒன்று ஆழம், அதாவது முன்பின்னாகத் தெளிவாக விழும் தொலைவு. லென்சின் துளையை எஃப் எண்ணால் சொல்வார்கள்; எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். எஃப் 8 துளையில் மெய்யளவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம் தெளிவாக விழும், எஃப் 2.8 துளையில் ஐந்து மடங்குக்குப் போனால் அது ஒரு மில்லிமீட்டரின் இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஈயின் கண் தெளிந்தால் உணர்கொம்பு மங்கிவிடும். துளையைச் சிறிதாக்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை: ஐந்து மடங்கில் எஃப் 2.8 என்பது செயலில் எஃப் 16க்கும் மேலாகிவிடுகிறது, அதற்கு மேல் சுருக்கினால், சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவு படத்தையே மழுங்கச் செய்யும். ஆகவே கேமராவை நகர்தடத்தில் மயிரிழை மயிரிழையாக முன்னே தள்ளி, பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் கணினியில் ஒட்டுக்காச் சேர்க்கிறோம். ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்னும் இதைக் குவிய அடுக்கு என்று எழுதுகிறேன்.

இன்னொன்று அசைவு. உருவம் பெருகும் அளவுக்கு அசைவும் பெருகும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஓலை ஒரு நொடி நிற்பதில்லை. மார்கழி, தை விடியலில் பனி இறங்கிய இட்டேறிகளில், அதாவது தோட்ட வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடங்களில், கிளுவை வேலியின் மேல் குளிரில் விறைத்து அசையாமல் இருக்கும் பூச்சிகளை அடுக்காக எடுக்கலாம். காற்றுக் காலத்திலோ ஃபிளாஷின் மிகக் குறுகிய வெளிச்சத்தை, டிரேசிங் தாளால் மென்மையாக்கி, ஒரே படத்தோடு நிறைவடைய வேண்டும்.

நான் படமெடுத்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் பதிவானதே 2016இல் பொள்ளாச்சித் தென்னையில்தான். ஒன்று முதல் ஐந்து மடங்கு வரை பெருக்கும், 1999இல் வந்த 65 மில்லிமீட்டர் கேனான் லென்சில் ஐந்து மடங்கில் படத்தின் அகலம் 7.2 மில்லிமீட்டர், இந்த ஈ அதில் மூன்றில் ஒரு பங்கை நிறைத்து, சிறகின் மாவுப்பூச்சும் கண்ணின் நுண்ணறைகளும் தெரிய நிற்கிறது. அதே தோப்பில் இளங்குரும்பையின் காம்படியை மூடும் தொட்டுக்குக் கீழே பதுங்கும் ஈரியோபைட் சிலந்தியோ (வலை பின்னும் சிலந்தி அன்று, மைட் எனப்படும் பேன் போன்ற நுண்ணுயிர்) ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நீளம்தான். ஐந்து மடங்கில் அது சென்சாரில் ஒரு மில்லிமீட்டர் கோடாகவே விழும். அதற்கு நுண்ணோக்கியின் முன்லென்சான அப்ஜெக்டிவில் 20 மடங்கு பெருக்கும் ஒன்றை, இடையில் ஒரு லென்ஸ் வைத்துக் கேமராவோடு இணைக்க வேண்டும். பெரியவருக்கு இரண்டையும் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈயின் படத்துக்குக் கீழே 'பருவுருப்படம், 5 மடங்கு' என்றும், சிலந்தியின் படத்துக்குக் கீழே 'நுண்ணோக்கிப்படம், 20 மடங்கு' என்றும் எழுதியிருந்தேன்.