எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறீர்கள்?

உணவகங்களின் சமையற்கட்டைச் சோதிப்பது என் தொழில். வேலை நாளில் பாதி நேரம் ஏதாவது ஓர் அடுப்படியில் தெர்மாமீட்டரும் குறிப்பேடுமாக நிற்பேன். இது தெரிந்தவர்கள் தவறாமல் கேட்பது: "அப்போ நீங்க வெளியில சாப்பிடவே மாட்டீங்களே?" சாப்பிடுவேன். அதுவும் நகரின் நடுவில், அலுவலகங்களுக்கு இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஓட்டல்களில்தான் அதிகம்.

விலை குறைவு என்றாலே பலருக்குச் சந்தேகம். எதையோ கலக்கிறார்கள், நேற்று மிஞ்சியதைப் போடுகிறார்கள் என்று. அப்படிச் செய்பவர்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குறைந்த விலைக்கு நேர்மையான கணக்கும் உண்டு. நாம் கொடுக்கும் பணத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு போலத்தான் சமையல் சரக்குக்குப் போகிறது. மீதி வாடகை, சம்பளம், எரிபொருள் என்று கரைந்துவிடும். நகர மையத்தில் வாடகை எப்போதுமே கடுமை. அதை ஈடுகட்ட ஒரே வழி, ஒரே நாற்காலியில் மதியத்துக்குள் நாலைந்து பேரை உட்கார வைத்து எழுப்புவதுதான். அதற்குத்தான் மதியச் சாப்பாட்டை இரண்டு மூன்று வகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மொத்தமாகச் சமைத்தால் கை வேலையும் குறைவு, வீணாவதும் குறைவு.

இந்த வேகம் நம் வயிற்றுக்கும் நல்லது. சமைத்த பாத்திரம் அரை மணியில் காலியாகிற இடத்தில் கிருமிக்குப் பெருக நேரமே கிடைப்பதில்லை. உணவுப் பாதுகாப்பில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் எண்கள் இரண்டு: 5, 60. குளிரவைத்த உணவு 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே, சூடான உணவு 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும். நடுவில் இருப்பது ஆபத்து மண்டலம். அங்கே வாகான சூழல் அமைந்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்று நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும்.

ஒரு முறை மாலை நாலு மணி வாக்கில் ஒரு சமையற்கட்டுக்குப் போனேன். மதியக் கூட்டம் கலைந்துவிட்டது. சுடுநீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்த தட்டில் கறிக்குழம்பு கால்வாசி மிச்சம். தெர்மாமீட்டர் முனையை நடுவில் விட்டேன்: 46. சமையல்காரர் விரலால் தொட்டுவிட்டு, "நல்லா சூடாத்தானே சார் இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நம் உடம்பு 37 டிகிரி. 46 விரலுக்குச் சூடாகத்தான் தெரியும். ஆனால் பெரிய பாத்திரத்துக் கறியிலும் குழம்பிலும் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமிக்கு அந்தச் சூடு மிகவும் பிடித்தமானது. அதே தட்டில் மதியம் பன்னிரண்டரைக்கு வாங்கியவருக்கு எந்தத் தொல்லையும் இருந்திருக்காது. தட்டு ஒன்று, குழம்பு ஒன்று. மாறியது மணி மட்டும்தான்.

பந்திக்கு முந்து என்று நம் ஆட்கள் சொன்னது வேறு காரணத்துக்காக இருக்கலாம். எங்கள் தொழிலில் அப்படியே பொருந்துகிறது. உள்ளூர் அலுவலகக்காரர்கள் எப்போது சாப்பிட வருகிறார்களோ, அப்போது நீங்களும் போய்விடுங்கள். பத்து நிமிடம் வரிசையில் நின்றாலும் பரவாயில்லை. கூட்டம் ஓய்ந்த பிறகு போக நேர்ந்தால், தட்டில் எடுத்து வைத்திருப்பதைத் தொடாமல், கேட்டபின் அடுப்பில் ஏற்றிச் செய்கிற எதையாவது சொல்லுங்கள். முட்டை, சுடச்சுடப் போட்டுத் தரும் எதுவானாலும் சரி. கடை மூடும் நேரத்துப் பாதி விலைச் சலுகையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: ரொட்டி, பிஸ்கட் என்றால் தாராளமாக வாங்குங்கள், சமைத்த சோறும் கறியும் என்றால் எனக்கு வேண்டாம்.

உணவுப் பட்டியலின் நீளமும் சேதி சொல்லும். எட்டு மேசை, ஒரு சமையல்காரர், பட்டியலில் நூற்றைம்பது வகை என்றால் நான் எழுந்துவிடுவேன். அவ்வளவையும் தினமும் புதிதாகச் செய்ய முடியாது. பாதிக்கு மேல் குளிர்பெட்டியில் முன்கூட்டியே தூங்கிக்கொண்டிருக்கும்.

கழிப்பறையைப் பார்த்தால் சமையற்கட்டைத் தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். முழுக்க உண்மை இல்லை. நான் பார்ப்பது கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்பதை மட்டும். சின்ன ஓட்டல்களில் வேலை செய்பவர்களுக்கும் பெரும்பாலும் அதே குழாய்தான். வாந்தி பேதி தரும் நோரோவைரஸ் கையிலிருந்து கைக்குத் தாவுவதில் கெட்டிக்காரன்; கிருமிநாசினி ஜெல்லுக்கு அவ்வளவாக மசியாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

பழி போடும் விஷயத்தில் நானே சறுக்கியிருக்கிறேன். ஒரு நாள் மதியம் அலுவலகத்துக்குக் கீழே இருந்த சின்ன ஓட்டலில் சாப்பிட்டேன், இரவே வயிறு கலங்கிவிட்டது. ஓட்டலைத் திட்டிக்கொண்டே படுத்திருந்தேன். மறுநாள்தான் சேதி வந்தது: அந்த ஓட்டலில் சாப்பிட்டதற்கு முந்தின நாள் இரவு ஒரு விலையுயர்ந்த விருந்தில் என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்த மூன்று பேருக்கும் அதே நிலை. பரிசோதனை எதுவும் செய்யாததால் எந்தக் கிருமி என்று தெரியாது. ஆனால் மூவரும் அந்தச் சின்ன ஓட்டல் பக்கமே போனதில்லை. நோரோவைரஸ் உடம்புக்குள் போன 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவின் தொல்லை ஆறு மணி நேரத்திலும் வரலாம், ஆறு நாள் கழித்தும் வரலாம். கடைசியாக எங்கே சாப்பிட்டோமோ அதன்மேல் பழி போடுவது சுலபம், பல நேரம் தவறு.

பார்சல் விஷயமும் இதே கதைதான். மதியம் ஒரு மணிக்குக் கட்டிய பொட்டலம், வெயிலில் நின்ற காருக்குள் ஐந்து மணி வரை கிடக்கும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஓட்டலுக்குப் போன் போட்டுக் கத்துவோம். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது சமையல்காரருக்கு மட்டும் சொன்னதில்லை.

ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். சின்ன அடுப்படியில் ஒரே கரண்டி நாலு பாத்திரத்துக்குப் போகும். "இதில் வேர்க்கடலை இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "இருக்காதுங்க" என்று சட்டென்று பதில் வந்தால் நம்பாதீர்கள். "இருங்க, உள்ளே கேட்டுட்டு வரேன்" என்பவர் இருக்கும் கடைக்கு மறுபடியும் போகலாம்.

மற்றபடி, பணம் மிச்சமாக வேண்டும் என்றால் பானங்களைக் குறையுங்கள். எந்த ஓட்டலிலும் லாபம் அதிகம் இருப்பது அங்கேதான். உப்பும் ஒரு கவலை: ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. தினமும் வெளியில் சாப்பிடுபவர் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார். குழம்பு, சாஸ் வகைகளைத் தட்டிலேயே கொஞ்சம் மிச்சம் வையுங்கள். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

தட்டு ஆறிப்போய் வந்தால் பலரும் "சூடு பண்ணித் தாங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். எடுத்து வந்த வழியில் ஆறியது என்றால் சரி. வெகு நேரம் வெளியில் கிடந்த சோறு என்றால் அது போதாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா சோற்றில் விட்டுப்போகும் வாந்தி நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. பாக்டீரியா செத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும். அதனால் சூடு பண்ணச் சொல்லாமல், வேறு ஏதாவது புதிதாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வாசலில் வரிசை நிற்கும்போது உங்களோடு வாதாட அவர்களுக்கும் நேரம் இருக்காது.