மாமரத்தடியில் நின்ற காருக்கும் டயர் பழசாகும்

போன கிழமை ஒரு டயரை என் டயர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேல் தோல் முழுக்க வாழைமட்டை உரித்த மாதிரிக் கழன்று, உள்ளே இருந்த கம்பி வலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கழன்ற அந்தத் தோலைக் கையில் எடுத்துப் பார்த்தால் பள்ளம் 6 மில்லிமீட்டர் அப்படியே இருக்கிறது, ஓரத்தில் புது டயருக்கு இருக்கும் சின்ன இறப்பர் முடிகள்கூட முழுதாக உதிரவில்லை. கொண்டுவந்த தம்பி அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார். "அண்ணன், இது ஓடவே இல்ல. புது டயர். எப்பிடி வெடிச்ச?"

பக்கச் சுவரைத் துணியால் துடைத்து நாலு இலக்கத்தைக் காட்டினேன். 2313. அதாவது 2013ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்த டயர். 12 வருடத்துக்கு மேல்.

கார் சுவிஸில் இருக்கும் அவருடைய அண்ணனுடையது. லீவுக்கு வந்தால் ஓட என்று வாங்கி, மற்ற நேரம் வீட்டு மாமரத்தடியில் நிற்கும். கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவார்களாம். இந்த முறை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அண்ணன் குடும்பத்தை ஏற்றி, பெட்டிகளையும் அடைத்துக்கொண்டு இரவோடு இரவாக வரும்போது வெலிக்கந்தை தாண்டி புணானைப் பக்கம் பின் இடது டயர் கிழிந்திருக்கிறது. ஒருவருக்கும் காயமில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் ஸ்பெயார் டயரில் காற்றே இல்லை. யானை கடக்கிற அந்தக் காட்டு ரோட்டில் சின்னப் பிள்ளைகளோடு விடியும் வரைக்கும் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இந்த வருடம் இதே மாதிரி என் கடைக்கு வந்தது இது நாலாவது. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஆத்திரம் என்னவென்றால், அந்த அண்ணன் சுவிஸில் வருடத்துக்கு இரண்டு முறை டயர் மாற்றுகிறவர். ஒக்டோபரில் குளிர்கால டயர், ஈஸ்டர் முடிய மறுகா கோடைகால டயர். அங்கிருந்து இத்தாலிக்கோ பிரான்சுக்கோ காரில் போவதென்றால் காற்றைப் பார்க்காமல், டயரைப் பார்க்காமல் வெளிக்கிட மாட்டார். அதே மனிதர் இங்கே வந்து இறங்கினதும் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டப்போகிற காரின் டயரை ஒருக்கா குனிந்தும் பார்க்கவில்லை. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களே, உங்களுக்கு இது வீடு. ஆனால் உங்கள் காருக்கு இதுதான் வருடத்தில் ஒரேயொரு நீண்ட பயணம், அதுவும் நிறை பாரத்தோடு.

"ஓடவில்லை, அதனால் தேயவில்லை, அதனால் நல்ல டயர்." இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். கணக்குப் பிழை. அலுமாரிக்குள் பழைய கடதாசிக் கட்டில் போட்டு வைத்த இறப்பர் வளையத்தை நாலைந்து வருடம் கழித்து இழுத்துப் பாருங்கள். ஒருநாளும் பாவிக்கவில்லை, ஆனாலும் பட்டென்று அறுந்து விழும். டயரும் இறப்பர்தான். டயர் செய்யும்போது வெடிப்பைத் தடுக்கிற மெழுகும் இரசாயனமும் கலக்கிறார்கள், ஓடும்போது டயர் நெளிய நெளிய அது மேலே கசிந்து தோலைக் காக்கும். நின்ற இடத்தில் நிற்கிற டயருக்கு அந்தப் பாதுகாப்பும் சரியாகக் கிடைப்பதில்லை. வெயில் காய்கிறது, காற்று மெல்ல மெல்ல இறங்குகிறது, அந்த அரைக் காற்றில் முழுக் காரின் பாரத்தையும் ஒரே இடத்தில் தாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் நிற்கிறது. மட்டக்களப்பு வெயிலில் நம் ரோட்டுத் தார் என்ன சூடு என்று வெறுங்காலோடு கடந்தவர்களுக்குத் தெரியும். பள்ளத்தின் ஆழம் டயர் எவ்வளவு ஓடியது என்பதை மட்டும்தான் சொல்லும், டயரின் வயதைச் சொல்லாது.

2012இல் இங்கிலாந்தின் சரே பகுதியில் ஒரு பஸ்ஸின் முன் டயர் வெடித்து 3 பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு 19 வயதுக்கு மேல், பள்ளமோ சட்டத்துக்குப் போதுமான அளவு இருந்தது. அதன் பிறகு நடந்த நீண்ட போராட்டத்தில்தான் 2021இல் பஸ், லொறிகளின் முன் சக்கரத்தில் 10 வயது தாண்டிய டயர் போடக்கூடாது என்று அங்கே சட்டம் வந்தது.

சரி, பார்ப்பது எப்படி? பக்கச் சுவரில் DOT என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம். முதல் இரண்டு கிழமை, அடுத்த இரண்டு வருடம். வெளிப்பக்கம் காணவில்லையென்றால் உள்பக்கம் இருக்கும், ரோச் அடித்துப் படுத்துப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 10 வருடம் என்பது டயர் கொம்பனிகள் பல சொல்கிற கடைசி எல்லை. நம் வெயிலுக்கு நான் 6இலேயே கழற்றச் சொல்லுவேன். சுவரில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருந்தால் வருடமே பார்க்க வேண்டாம். டயர் பொலிஷ் பூசி மினுக்கியிருந்தால் முதலில் கழுவுங்கள், அந்தக் கறுப்புக்குள் வெடிப்பு நன்றாக ஒளிந்துகொள்ளும்.

உண்மையிலேயே தேய்ந்த டயரென்றால், பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். தோல் அந்த மேட்டுக்கு வந்துவிட்டால் முடிந்தது. ஆனால் மாரி மழையில் ஓடுகிறவர்கள் அதுவரைக்கும் காத்திருக்கக் கூடாது, 3க்கு வந்தால் மாற்றுங்கள். உள் ஓரத்தையும் கையால் தடவிப் பாருங்கள், சக்கரங்கள் நேராக நிற்கிற எலைன்மன்ட் பிழையென்றால் அங்கேதான் தின்னும், நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. இரண்டு டயர்தான் வாங்கக் காசு இருக்கிறதென்றால் புதியதைப் பின்னுக்குப் போடுங்கள். எல்லோரும் முன்னுக்குத்தான் கேட்கிறார்கள், நானும் ஒவ்வொரு முறையும் சண்டை பிடிக்கிறேன். ஈர ரோட்டில் பின் சக்கரம் வழுக்கினால் காரைப் பிடிக்க முடியாது.

"வெயிலுக்குக் காற்றைக் குறைத்துப் போடுங்கோ" என்று கேட்காதீர்கள், தயவுசெய்து. குறைந்த காற்றுத்தான் டயரைச் சூடாக்குகிறது. சாரதிக் கதவுத் தூணில் எவ்வளவு காற்று என்று ஸ்டிக்கர் இருக்கும், நிறை பாரத்துக்கு வேறு அளவு போட்டிருந்தால் அந்த அளவு. பெற்றோல் செட்டுக்கு நெடுந்தூரம் ஓடிப்போய் டயர் சுட்ட பிறகு அளந்தால் கணக்குக் கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்து விடாதீர்கள். பாவித்த யப்பான் டயர் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குகிறவர்களும் அதே நாலு இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

டிக்கெட் போட்ட அன்றைக்கே வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லி அந்த இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பெயாரையும் சேர்த்து ஐந்து படம்.

அந்தத் தம்பி என்னிடம் கேட்டது ஒரு டயர்தான். "மற்ற மூணும் நல்லம் அண்ணன்" என்றார். காரைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். மூன்றிலும் 2313. அடுத்த நாள் விடியற்காலை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே காரில் யாழ்ப்பாணம் போக ஆயத்தமாக இருந்திருக்கிறார்கள்.