ஆலப்புழையில் மழை, மல்லாவியில் புழுதி

இலங்கையின் வன்னியில், மல்லாவிப் பக்கத்து மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "ஆனி மாசம் டிவியில கேரளாவைக் காட்டினா ஒரே வெள்ளம். எங்கட குளம் அந்த நேரம் வெடிச்சுக் கிடக்கு. ஏன் சேர்?"

வரைபடத்தை விரித்தால் கேள்வி இன்னும் சுவையாகிறது. கேரளத்து ஆலப்புழையும் நம் வன்னியின் கிளிநொச்சியும் கிட்டத்தட்ட ஒரே அகலக்கோட்டில், வடக்கு 9.5 பாகையை ஒட்டி இருக்கின்றன. இடையில் ஏறக்குறைய 450 கி.மீ. தான். வெயிலும் ஒன்றுதான், வீசுவதும் அதே தென்மேல் காற்றுத்தான்.

நிலம் சூடாகிறது, கடற்காற்று உள்ளே வருகிறது. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததே. அந்தக் காற்று கேரளத்துக்குள் நுழைந்ததும் மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. ஆனைமுடி 2,695 மீற்றர். வேறு வழியில்லாமல் காற்று ஏறுகிறது. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

சைக்கிளுக்குப் பம் அடித்திருக்கிறீர்களா? நாலு இழுவை இழுத்தபின் பம்மின் அடிக்குழாயைத் தொட்டால் சுடும். நெருக்கினால் காற்று சூடாகும். வால்வை அழுத்தி ரியூப் காற்றைத் திறந்துவிட்டால் விரலில் குளிரும். விரிந்தால் காற்று ஆறும். மலையேறும் காற்றுக்கு நடப்பது இரண்டாவது. மேலே அழுத்தம் குறைவு. காற்று விரிகிறது, 100 மீற்றருக்கு 1 பாகை வீதம் குளிர்கிறது. ஈரம் முகிலாகத் தொடங்கியதும் கணக்கு மாறும். நீராவி நீராகும்போது, ஆவியானபோது வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் குளிர்வது பாதியாகக் குறையும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். கரையில் 30 பாகை. 500 மீற்றரில் 25, முகில் தொடங்குகிறது. 2,000 மீற்றர் உச்சிக்குப் போகும்போது 17.5. நீரைக் கேரளத்திலேயே கொட்டிவிட்டு மறுபக்கம் இறங்குகையில் காற்று நெருக்கப்படுகிறது, இப்போது 100 மீற்றருக்கு முழு 1 பாகை. அடிவாரத்தில் 37.5! ஏறப்போனபோது 30, இறங்கி வந்தபோது 37.5, ஈரமும் போய்விட்டது. மட்டக்களப்பார் கச்சான் என்று திட்டும் காற்றும் நம் மலைநாட்டைத் தாண்டி இறங்கும் இதே காற்றுத்தான்.

மலை இருந்தால் மட்டும் போதாது, குறுக்கே நிற்கவும் வேண்டும். ராஜஸ்தானின் ஆரவல்லி மலை காற்றுக்குப் பக்கவாட்டாகப் படுத்திருக்கிறது. அங்குள்ள ஜெய்சல்மேருக்கு வருடம் ஏறத்தாழ 200 மி.மீ. மழைதான். மேகாலயாவின் காசி மலை குறுக்கே நிற்கிறது. அங்குள்ள மௌசின்ராமில் ஏறத்தாழ 12,000 மி.மீ.

வன்னியில் மலையே இல்லை. மன்னார்ப் பக்கத்தால் வரும் சோளகத்தை, அதாவது அந்தத் தென்மேல் காற்றை, தூக்கிவிட ஆளில்லாமல், ஈரம் தலைக்கு மேலால் போய்விடுகிறது. பனையோலை சரசரக்கும், மாங்குளம் றோட்டில் புழுதி எழும்பும், அவ்வளவுதான்.

மழை பிந்தினால் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். சிறுவயதில் நானும் பின்னால் ஓடியிருக்கிறேன். ஆனால் அந்தச் செலவில் குளக்கட்டுக்கு ஒரு மழைமானி வைத்து, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொப்பியைக் கொடுத்தால் பத்து வருடத்தில் நமக்கென்று ஒரு கணக்கு இருக்கும். பெரிய ஆராய்ச்சிக்குக் காசு கேட்கிறவர்கள் இந்தச் சின்னதைக் கேட்பதேயில்லை.

நமக்கு மழை ஐப்பசியிலிருந்து, வங்காள விரிகுடாவில் ஈரம் அள்ளிவரும் வாடையிலும், அங்கே உருவாகும் தாழமுக்கங்களிலும். இரணைமடுக் குளம் வான் பாய்வதும் அப்போதுதான். கேரளத்தார் தென்மேல் மழை தணியும் ஆவணியில் ஓணம் கொண்டாடி, நிரம்பிய நீரில் வள்ளம் ஓட்டுகிறார்கள். நாம் ஐப்பசியில் காலபோக நெல்லை விதைத்துவிட்டுத் தையில் பொங்குகிறோம். பொங்கலுக்கு நாள் குறிப்பது சூரியன் மகரத்துக்குள் நுழைவது. வயலைக் கேட்டுக் குறிப்பதில்லை. பிந்தி விதைத்த வயலில் அன்றைக்கு நெல் பால்பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த வீட்டுப் பானையில் போவது போன போகத்து அரிசி.